நாலு எட்டு நடந்து காட்டுங்க

செவ்வாய்க்கிழமை காலை கிளினிக் கதவைத் திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தாதி லெட்சுமி தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலேயே அழ ஆரம்பித்தார். "டாக்டர், நம்ம தனா டாக்டர் தவறிட்டாராம். அவுங்க வைஃப் லைன்ல இருக்காங்க." வெளியே நாற்காலிகளில் அவனைப் பார்க்கவென்றே வந்த ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள்.

டாக்டர் தனபாலனும் நானும் மலேசியாவின் கிள்ளானில் ஒரே கிளினிக்கைப் பதினெட்டு ஆண்டுகள் நடத்தினோம். அவனிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட உங்களில் பலருக்கு அவன் கையைத் தெரியும். வயிற்றைத் தொடுவதற்கு முன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வான். அப்படிப்பட்டவனிடம், இனி நோயாளிகளை வீடியோவிலும் பார்க்கலாம் என்று சொன்னால் முறைக்காமல் என்ன செய்வான்? லண்டனில் நம் வகுப்புத் தோழன் பார்க்கிறான், சென்னையில் உன் தங்கையே பார்க்கிறாள் என்றேன். "லண்டன்ல பேஷண்டோட பழைய ரெக்கார்ட் எல்லாம் அவன் ஸ்கிரீன்ல வந்து நிக்கும். சென்னையில தங்கச்சிக்கு இருக்கிற கூட்டத்துக்கு வேற வழியில்ல. இங்க நமக்கு என்னா இருக்கு? தப்பா போனா யாரு லா பதில் சொல்றது?" என்றான். ஒரு வருடம் அசையவில்லை. நானும் விடவில்லை, நச்சரிப்பதில் நான் கெட்டிக்காரன்.

கடைசியில் அவனை அசைத்தது நான் இல்லை, பந்திங் ஊர் மாரியாயி ஆன்டி. சர்க்கரை நோய்க்காரர், முழங்கால் வலியோடு இரண்டு பஸ் மாறி வருபவர். இரண்டு மாதம் ஆளையே காணோமென்று தனாவே போன் செய்தான். "பஸ் ஏற முடியல டாக்டர். மருந்து தீந்துறுமேன்னு பாதி பாதியா சாப்பிடுறேன்" என்றார். போனை வைத்துவிட்டு என் அறைக்கு வந்தான். "குமார், அந்த கேமராவ மாட்டு லா." அவ்வளவுதான் சொன்னான்.

ஆனால் அவன் பாணியில்தான் பார்த்தான். நம் மக்கள் நெஞ்சு வலியை நெஞ்சு வலி என்று சொல்லமாட்டார்கள், "காத்து" என்பார்கள். மலாய்க்காரர்களும் "அங்கின்" என்று அதையேதான் சொல்வார்கள். "எந்த பாஷையில சொன்னாலும் காத்த நம்பாத" என்பான். வீடியோவில் யார் வந்தாலும் முதலில், "போனை மேசையில வெச்சிட்டு வாசல் வரைக்கும் நாலு எட்டு நடந்து காட்டுங்க" என்பான். டாக்டர் பெண் பார்க்க வந்திருக்கிறாரா என்று ஆன்டிகள் கேலி செய்வார்கள். அம்பாங்கில் ஒரு லோரி ஓட்டுநர், வெறும் காத்துதான் என்று சிரித்துக்கொண்டே நடந்தவர், மூன்றாவது எட்டில் சுவரைப் பிடித்துவிட்டார். தனா ஆம்புலன்சை அழைக்கச் சொல்லி, அது வரும்வரை திரையை விட்டு நகரவில்லை. அவர் பிழைத்து வந்து ஒரு மூட்டை டுரியான் பழம் இறக்கினார். கிளினிக் ஒரு வாரம் மணத்தது.

அந்தச் செவ்வாய்க்கு முந்தின நாள், திங்கட்கிழமை மதியம் தனா பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து என்னை வீடியோவில் கூப்பிட்டான். நாற்காலியில் சாய்ந்திருந்தான். முகம் கொஞ்சம் வேர்த்திருந்தது. மின்விசிறி ஓடவில்லை போலும் என்று நினைத்தேன். "காத்துதான் லா. இன்னிக்கி என் ஆளுங்களையும் நீயே பாத்துடு. நாளைக்கு வந்துடறேன்" என்றான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இஞ்சி தட்டிக் குடி, கெழவா" என்றேன். இருவரும் சிரித்தோம். வெளியே நோயாளிகள் காத்திருந்ததால் சட்டென்று போனை வைத்துவிட்டேன்.

இறுதிச் சடங்கில் அவன் மனைவி என்னைக் குறை சொல்லவில்லை. "குமார்கிட்ட பேசிட்டேன், ஒண்ணுமில்லன்னு அவரு சொன்னாரு அண்ணே" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பதில் அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

அவன் ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். வேண்டாமென்றேன். அவனுடைய அந்த ஒரு வாக்கியம் என்னிடம் இருக்கிறது. இப்போது திரையில் யார் வந்தாலும், தடுமன் என்றாலும் தலைவலி என்றாலும், முதலில் நடக்கச் சொல்கிறேன். எல்லோரும் வாசல் வரை போய்த் திரும்பி வருகிறார்கள். நான் நடக்கச் சொல்லாமல் விட்டது ஒருவனை மட்டும்தான்.