எழும்பாத அம்மைப்பால்

பெரியம்மை வராமலிருக்க என் மகளின் கையில் குத்திய அம்மைப்பால் உயிரோடு இருந்ததா, செத்துப்போயிருந்ததா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வீட்டில் மற்ற எல்லாருக்கும் தெரியும். சந்தேகம் என்ற தொந்தரவு அவர்களுக்கு இல்லை.

திருப்பதியில் எங்கள் தெருவுக்கு அம்மை குத்த வருகிறவர் கைராசிக்காரர் என்று பெயர் வாங்கியவர். அவர் குத்தினால் காய்ச்சல் வராது, கொப்புளம் எழும்பாது. அதற்காகவே வேறு தெருப் பெண்களும் அவருக்குக் காத்திருப்பார்கள். பட்டணத்திலிருந்து ரயிலில் வரும் அம்மைப்பால் ரேணிகுண்டாவில் வெயிலில் கிடக்கும். பிறகு பனிக்கட்டியில் இருக்கவேண்டிய அந்தச் சரக்கு அவருடைய சட்டைப்பையில் ஊர் ஊராகச் சுற்றும்.

பங்குனியில் மகளுக்குக் குத்தினார். ஒரு வாரமாகியும் தோல் வழவழவென்று இருந்தது. மாமியார் தெருவெல்லாம் சொல்லிப் பூரித்தார்.

நான் பள்ளியில் படித்தது வேறு. வைரஸ் தானாகத் தின்னாது, மூச்சுவிடாது, பெருகாது. உடம்பின் உயிரணு ஒன்றில் ஒட்டி உள்ளே புகுந்தால்தான் அதற்குப் பிழைப்பு. நம் அடுப்பு, நம் அரிசி, சமையல் மட்டும் அதற்கு. அந்த அணுவைக்கொண்டே தன்னைப் போலப் பலவற்றைச் செய்வித்து, அதைப் பாழாக்கிவிட்டு அடுத்த அணுவுக்குப் போகும். அம்மைப்பாலில் உள்ள வைரஸ் இந்த அட்டூழியத்தைத் தோலில் சின்னதாகச் செய்வதுதான் கொப்புளம். அதில்தான் உடம்பு பெரியம்மையை எதிர்க்கப் பழகுகிறது. வெயிலில் செத்த வைரஸ் எந்த அணுவுக்குள்ளும் புகாது. கொப்புளமும் இல்லை, காவலும் இல்லை.

மறுபடி குத்தும்படி அவரிடம் கேட்டேன்.

"புள்ளைக்கு ஜொரம் வரலன்னு குறை சொல்ற தாயி நீ ஒருத்திதாம்மா," என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

மாமியார் சிரிக்கவில்லை. "புள்ள நல்லாக்கீதுன்னு இவளுக்குத் தூக்கம் வரல," என்றார்.

கோர்ட்டு குமாஸ்தாவான என் கணவர், என்னைவிடப் படித்தவர், பேப்பரிலிருந்து தலை நிமிராமலே அம்மா சொல்வதுதான் சரி என்றார்.

வருகிற ஆவணியில் நாராயணவனத்தில் நாத்தனார் வீட்டுக் கல்யாணம். அந்தப் பக்கம் பெரியம்மை கண்டிருப்பதாகக் கேள்வி. அம்மை குத்திய குழந்தைக்கு என்ன பயம் என்கிறார் மாமியார். போகாவிட்டால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார்கள். யாருக்கும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய் மறுபடி குத்திவிடலாமா என்று தோன்றுகிறது. ஒருவேளை கொப்புளம் இல்லாமலும் பால் பிடித்து வேலை செய்யுமோ, நான்தான் அரைகுறையாகப் படித்துவிட்டேனோ என்றும் தோன்றுகிறது. பிடித்திருந்தால் இரண்டாவது குத்து கெடுதல் செய்யுமா? இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களில் குழந்தைக்கு இரண்டு முறை குத்திய தாய்மார்கள் யாராவது இருந்தால், கல்யாணத்துக்கு முன்னால், தயவுசெய்து எழுதுங்கள்.