அசையாத தராசு முள்

காலை எட்டரை மணி. வியா மக்வேதா வீதியில் மூன்றாம் மாடிக் கதவுக்கு வெளியே செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. இத்தாலியின் பலெர்மோ நகரில் எங்கள் தமிழ் ஆட்களின் வீட்டு வாசலில் மட்டுமே நான் அப்படிக் கண்டிருந்தேன். இது ஊசி குத்தி வைத்தியம் பார்க்கும் ஒரு கொரியரின் வீடு.

என் மனைவிக்குக் குடலிறக்கம். எடை குறைந்தால்தான் ஒப்பரேசன் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவள் பட்டினி கிடந்தாள். முதலில் எடை குறைந்தது; பிறகு இரண்டு மாதமாகத் தராசு முள் அசையவேயில்லை.

"ஊசி குத்தினால் நான் பலூன் மாதிரிக் காத்துப் போயிடுவனோ?" என்று படியில் கேட்டாள்.

"பறந்தால் பிடிக்கிறன், வாரும்."

வைத்தியர் மூன்று விரல்களால் நாடி பிடித்தார். வயிற்றைத் தொட்டு, குளிர்ந்திருக்கிறது என்றார்.

"முன்பு எப்போதாவது பட்டினி கிடந்தாரா?" என்று இத்தாலியனில் கேட்டார். மொழிபெயர்த்தேன்.

"ஓம். நீங்கள் இஞ்சை வந்தாப்பிறகு, யாழ்ப்பாணத்திலை. இருந்ததைப் பிள்ளைக்குக் குடுத்தனான்."

அன்றுதான் எனக்கு அது தெரியவந்தது.

"மறுபடியும் பஞ்சம் வந்துவிட்டதென்று உடல் பயப்படுகிறது. இருப்பதை இறுக்கிப் பிடிக்கிறது. காலையில் சூடாகச் சாப்பிடட்டும், பயம் தெளியும்" என்றார் வைத்தியர்.

அதை அப்படியே அவளுக்குத் தமிழில் சொன்னேன்.

மறுநாள் காலை நான் கஞ்சி காய்ச்சினேன். அவள் உட்கார்ந்திருந்து குடித்தாள்.

சில வாரங்களில் முள் மெல்ல இறங்கியது; பங்குனியில் ஒப்பரேசன் நடந்தது.