பதினைந்தில் ஆறாவது

மதுரை கே.கே. நகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. அம்மா இறந்த பிறகு வீட்டில் நான் மட்டும். ஒருநாள் பால் பொங்கி வழிந்தபோது பதறிப்போய் எங்கள் சௌராஷ்டிர மொழியில் கத்திவிட்டேன். அந்த மொழியைக் கேட்கவே இனி இந்த வீட்டில் ஆளில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த வருடத்தில்தான் அச்சுப் படங்கள் சேர்க்க ஆரம்பித்தேன். செப்புத் தகட்டில் ஓவியரே கோடு போட்டு, மை பூசி, ஈரத் தாளில் அழுத்தி எடுக்கும் படங்கள். எட்சிங்கில் கோட்டை அமிலம் அரித்துக் கொடுக்கும். டிரைபாயிண்டில் வெறும் ஊசிதான். பத்து இருபது பிரதிகளோடு நிறுத்திவிடுவார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் எண், கையெழுத்து. எனக்கு அந்த எண்ணின் மேல்தான் ஆசை. பதினைந்தில் ஆறாவது என்றால், இதே படம் இன்னும் பதினான்கு வீடுகளில் இருக்கிறது. சாப்பிடும்போது படத்தை எதிரே சாய்த்து வைத்துக்கொண்டு, அந்த வீடுகளில் இப்போது என்ன குழம்பு என்று யோசிப்பேன்.

அந்த ஆறாவது, ஒரு கல்லூரிக் கண்காட்சியில் வாங்கிய டிரைபாயிண்ட். அறுப்பு முடிந்த வயல். நடுவில் ஒரு பம்ப்செட் அறை. கதவு பாதி திறந்திருக்கும். உள்ளே கன்னங்கரிய இருட்டு. வரைந்தவரை நான் பார்த்ததில்லை. தாளின் பின்னால் பெயரும், அலங்காநல்லூர்ப் பக்கத்து ஊர் ஒன்றும் எழுதியிருந்தது.

சட்டம் போட ஆரப்பாளையத்தில் ஒரு கடையில் கொடுத்தேன். சாமி படங்களுக்கும் இறந்தவர்கள் படங்களுக்கும் சட்டம் போடுகிற கடை. வாங்கப் போனபோது கடைக்காரர் பெருமையாகச் சொன்னார்: "கீழ ஏதோ பென்சில் கிறுக்கல் கெடந்துச்சுண்ணே. அசிங்கமா இருக்குன்னு வெட்டி விட்டுட்டேன்."

குப்பைக் கூடையைக் கவிழ்த்துத் தேடினோம். கிடைக்கவில்லை. அவர் முகம் வாடியதைப் பார்த்து, பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. எண் போனதும் அந்தப் பதினான்கு வீட்டோடும் தொடர்பு விட்டுப்போன மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். ஊரில் விசாரித்ததும் "டீச்சர் வீடா?" என்று காட்டினார்கள். ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை. கணவர் இல்லை. மகன் பெங்களூரில். நான் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். ஒருதரம் போட்ட எண்ணை மறுபடி போடுவதில்லை, படம் நன்றாகத்தானே இருக்கிறது என்றார்.

மற்ற பதினான்கும் யாரிடம் இருக்கின்றன என்று கேட்டேன்.

டீச்சர் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சூட்கேசை இழுத்தார். "ரெண்டுதான் போச்சு. ஒண்ணு நீங்க. இன்னொண்ணு யாரோ ஒரு டாக்டர் வாங்குனதாச் சொன்னாக. மிச்சம் அம்புட்டும் இங்கனதான் கெடக்கு."

இத்தனை நாளாக நான் குழம்பு விசாரித்த வீடுகளில் பதின்மூன்று இந்தச் சூட்கேசுக்குள் இருந்தன.

அவர் கடைசிப் பிரதியை எடுத்து என் படத்தின் பக்கத்தில் வைத்தார். ஊசி கீறும்போது கோட்டோரம் எழும் செம்புப் பிசிறுதான் மையைப் பிடித்துக் கருமை கொடுக்கும். ஒவ்வொரு அச்சுக்கும் அது தேயும் என்றார். பதினைந்தாவதில் கதவுக்குள் இருட்டு சாம்பலாகியிருந்தது. உள்ளே முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"நான்தான்," என்றார். "கல்யாணமாகி வந்த புதுசுல அங்கனதான் போயி உக்காந்துருப்பேன். யாரு கண்ணுலயும் படக் கூடாதுன்னுதான் அம்புட்டுக் கோடு கீறினேன். பத்து தாண்டவும் தேஞ்சுபோயி, நானே வெளிய தெரிஞ்சுட்டேன்."

அதற்குப் பிறகு மாதம் ஒரு ஞாயிறு போவேன். அதிகம் பேச மாட்டோம். டீ போட்டுத் தருவார். ஏதாவது ஒரு படத்தை எடுத்து வைத்துப் பார்ப்போம். கடைசிப் பஸ்ஸுக்கு முன்பே கிளம்பிவிடுவேன். ஒன்றரை வருடம் இப்படிப் போயிற்று. பிறகு மகன் வந்து அவரைப் பெங்களூருக்கு அழைத்துப் போனார். போவதற்கு முன்பு சூட்கேசை என்னிடம் கொடுத்தார். "அங்க கட்டிலுக்கடியில எடமில்லங்கான். நீங்கதேன் பாப்பீக."

முதலில் வாரம் ஒருமுறை போனில் பேசினோம். அவர் குரல் அங்கே தாழ்ந்துவிட்டது. பக்கத்து அறைக்குக் கேட்டுவிடுமோ என்பது போலப் பேசுவார். பிறகு அதுவும் குறைந்தது.

பதினைந்தாவது பிரதியை மட்டும், போனில் டீச்சரிடம் அனுமதி வாங்கி, எக்ஸ்ரே அறைக்கு வெளியே மாட்டினேன். வருகிறவர்கள் போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். போன மாதம் மணிக்கட்டு வீங்கி வந்த ஒரு அம்மா அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். உள்ளே கூப்பிட்டுக் கையைத் தகட்டின் மேல் வைக்கச் சொன்னபோது கேட்டார்.

"அந்தப் பொம்பள ஏன் கதவச் சாத்தாம உக்காந்திருக்கு?"

தெரியவில்லை என்றேன். அதை நான் டீச்சரிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அசையாமல் இருக்கச் சொல்லிவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் போனேன்.

வேலை முடிந்ததும் பெங்களூருக்குப் போன் செய்தேன். மகன்தான் எடுத்தார். அம்மா படுத்திருக்கிறார், எழுந்ததும் சொல்கிறேன் என்றார்.