விழாமல் பழகிய கால்கள்

சாயங்காலம் ஸ்கேட்டிங் பழக வருகிற பிள்ளைகளே, நான் வேலை முடிந்து சைக்கிளில் வரும்போது என்னை நிறுத்தி ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "அக்கா ஏன் வரதில்ல?" நானும் "பரீட்சைம்மா" என்பேன், "ஊருக்குப் போயிருக்குது" என்பேன். அக்காவுக்குப் பயம் வந்துவிட்டது என்று உங்களில் சிலர் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. அது உண்மையில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். தெரிந்த மாதிரி எழுதுகிறேன், வாசித்துப் பாருங்கள்.

உங்களுக்கு அவள் கோல்கீப்பர் அக்கா. எனக்கு மூத்த மகள். நாலாவது படிக்கும்போது உங்களைப் போலத்தான் பள்ளிக்கூடத்துச் சிமெண்டுத் தளத்தில் சக்கர ஷூவை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தாள். வேகம் வரவில்லை. அதே சக்கரத்தோடு ஹாக்கி ஆட ஆரம்பித்தபோது உங்கள் மாஸ்டர் அவளைக் கோலில் நிறுத்திவிட்டார். வேகம் இல்லாதவர்களைக் கோலில் நிறுத்துவது எங்கும் நடக்கிறதுதான். வீட்டுக்கு வந்து அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"மூஞ்சிக்குக் கம்பி போட்ட ஹெல்மெட் குடுத்தாங்கப்பா. அத மாட்டிக்கிட்டா நான் யாருன்னே யாருக்கும் தெரியல" என்றாள். அவ்வளவு சந்தோஷம்.

போகப் போக அந்த இடம் அவளுக்குப் பொருந்திவிட்டது. பந்துக்குப் பதிலாக அடிக்கிற அந்த ரப்பர் வட்டு எங்கேயிருந்து வந்தாலும் அவள் கை முன்னாலேயே அங்கே இருக்கும். நின்ற நிலையிலேயே பிடிப்பாள். சிமெண்டில் முட்டி போட்டால் தரை பிடித்துக்கொள்ளும், கால் திருகும். அதனால் இங்கே நின்று ஆடுகிற கோல்கீப்பர்தான் நல்ல கோல்கீப்பர்.

கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து என் அக்கா வரும்போதெல்லாம் ஒரு சண்டை நடக்கும். "வயசுக்கு வந்த புள்ளைக்கு எதுக்குடா சக்கரம்? காலு கை ஒடிஞ்சா எவன் கட்டுவான்?" என்று என்னைக் கேட்பாள். பதில் மகளிடமிருந்து வரும். "அத்த, நீ ஒரு தபா மாட்டிப் பாரு. பஸ்ஸுக்கே நிக்க வாணாம். இங்க ஏறுனா ஒன் வூட்டு வாசல்லதான் நிப்ப." என் அக்கா சிரித்துவிடுவாள். ஆனாலும் அடுத்த முறை வரும்போது அதையே கேட்பாள்.

பன்னிரண்டாவது முடிக்கிற சமயத்தில் மாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணே, ஐஸ் ஹாக்கின்னு ஒண்ணு இருக்குது. சக்கரத்த எடுத்துட்டுக் கத்தியாட்டம் ஒரு தகட்ட வெச்சா அதுதான். ஐஸ் நம்ம பக்கம் ஏது? அதனால சக்கரத்துல ஆடுற புள்ளைங்களத்தான் நம்ம மாநிலத்துக்கு எடுக்கறாங்க."

வடக்கே மலையடிவாரத்து ஊரொன்றில் கூரை போட்ட பெரிய கட்டடத்துக்குள் ஐஸ் தளம் இருக்கிறதாம். பல மாநிலத்துப் பெண்பிள்ளைகளை அங்கே வரவழைத்துச் சில நாள் பழக்குவார்கள். அதில் தேறுகிறவர்களை மட்டும் குளிர்காலம் முழுக்க மலைமேல், உறைந்து கிடக்கிற ஏரியில் வைத்துப் பயிற்சி கொடுப்பார்கள். பிறகு இந்திய அணிக்குக் கூப்பிடுவது அவர்களில் இருந்துதான். இந்திய அணிக்கு ஆடினால் வேலை கிடைக்கலாம், வெளிநாட்டில் சம்பளத்துக்கு ஆடக்கூட வழி பிறக்கலாம் என்று மாஸ்டர் அடுக்கிக்கொண்டே போனார்.

"கோல்கீப்பர் மட்டும் ஒரே ஒருத்தரத்தான் எடுப்பாங்க. பாப்பா கைக்கு அது கெடைக்கும்ணே."

என் மனைவி, "ஐஸ்ஸ நாங்க ஜூஸ் கடையிலதான் பாத்திருக்கோம். அது மேல எப்படிங்க புள்ள நிக்கும்?" என்றாள். மகள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் போறேன்ப்பா" என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்த ஒரு இடத்தைப் பற்றித்தான் பேச்சு.

ஐஸில் நடப்பது எப்படி இருக்கும் என்று எங்களுக்கு யார் சொல்வார்கள்? என்னோடு வேலை பார்க்கிற மங்கலம்பேட்டைக்காரர் ஒருவர் இருக்கிறார். அவருடைய தம்பி துபாயில் இருக்கிறார். அங்கே ஒரு கடை வளாகத்துக்குள்ளேயே ஐஸ் தளம் இருக்கிறதென்று தம்பி வீடியோ எடுத்து அனுப்பினார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். கோட்டு போட்ட ஆட்கள் மூட்டை மாதிரி விழுந்துகொண்டே இருந்தார்கள். சிரித்து ஓய்ந்த பிறகு மங்கலம்பேட்டைக்காரர் சொன்னார்: "அண்ணே, இதுல விழாம நின்னாலே பாதி ஜெயிச்ச மாதிரி." எங்களுக்கும் அப்படித்தான் பட்டது.

எங்கள் கம்பெனியில் பீங்கான் ஃபியூஸ் கட்டையும் பொம்மையும் செய்கிறோம். அச்சில் ஊற்றுவதற்குக் களிமண்ணை மோர் மாதிரி கரைத்து வைப்போம். அந்தக் கூழ் தரையெல்லாம் சிந்திக் கிடக்கும். புதிதாக வருகிற ஆள் வழுக்கி விழாமல் இருந்ததில்லை. ஆனால் அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகளைப் பலகையில் அடுக்கிக்கொண்டு பெண்கள் அதன்மேல்தான் போவார்கள், வருவார்கள். ஒருத்தி விழுந்தால் பலகையோடு எல்லாம் போய்விடும். அதனால் அவர்களுக்கென்று ஒரு நடை இருக்கிறது. முதலாளியிடம் கேட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மகளை அங்கே கூட்டிப் போனேன்.

"குதிகாலத் தூக்காதடி. பாதத்த முழுசா வெச்சுத் தள்ளிக்கிட்டே போ" என்றார்கள் அந்தப் பெண்கள். ஒருத்தி, "விழுந்துடாத ஆத்தா, அப்புறம் ஒனக்கே கிளேசு பூசிச் சூளையில வெச்சுடுவாங்க" என்றாள். கோல்கீப்பர் பேடுகளைக் காலில் கட்டிக்கொண்டு, கையில் பலகையும் பொம்மையுமாக, அந்தக் கூழ்த் தரையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தாள். கிளம்புகிற வரைக்கும் ஒரு பொம்மைக்கும் மூக்கு போகவில்லை. மாஸ்டர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "இது ஐஸ்ல விழவே விழாதுண்ணே" என்றார்.

விழவும் இல்லை. பெற்றவர்களில் ஒருவர் கூடவே வரலாம் என்றதால் நானும் அந்த வடக்கு ஊருக்குப் போயிருந்தேன். முதல் நாள் எங்கள் மாநிலத்துப் பிள்ளைகள் ஒருத்தி மேல் ஒருத்தியாக விழுந்தார்கள். என் மகள் மட்டும் நின்றாள். "ஏய், இவ ஐஸ்லயே பொறந்தவளாடி?" என்று சென்னைப் பிள்ளை ஒன்று கேட்டது. நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மேலே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். குளிர் பெரிதாகத் தெரியவில்லை.

மறுநாள்தான் சிக்கல் தெரிந்தது. ஐஸ் ஹாக்கியில் வட்டு தரையோடு ஒட்டி வழுக்கிக்கொண்டு வரும். கோல்கீப்பர் சட்டென்று இரண்டு முட்டியும் போட்டு, காலை இரண்டு பக்கமும் விரித்து, அப்படியே சறுக்கிப் போய் அடைக்க வேண்டும். அங்கே பழக்கிய கோச் வடக்கத்தி மலைநாட்டுக்காரர், இந்தி பேசுவார். அவரே விழுந்து காட்டினார். கதவு சாத்துகிற மாதிரி இருந்தது. மகள் செய்து பார்த்தாள். பாதி தூரம் போவாள், முட்டி தானாக நிமிர்ந்துகொள்ளும். வட்டு இரண்டு காலுக்கும் நடுவே போய்விடும். திரும்பத் திரும்ப அப்படியே.

எங்கள் அணியோடு வந்த மேனேஜர் மேடம் ஓரத்தில் நின்று, "கீழ போம்மா, கீழ போ" என்று தமிழில் சொல்லிப் பார்த்தார்கள். முதல் நாள் புகழ்ந்த அந்தச் சென்னைப் பிள்ளை, "என்னடி, கோயில் தூணாட்டம் நிக்கிற? வேட்டி கட்டி விடட்டா?" என்று கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். கம்பிக்குள்ளே என் மகள் சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை.

மத்தியானம் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"பயமா இருக்குதா பாப்பா?"

"பயம்லாம் இல்லப்பா. மனசு போவுது, முட்டி போவமாட்டேங்குது. விழக்கூடாது, விழக்கூடாதுன்னு கால்ல ஏறிப் போச்சு. நான் வாணாம்னு சொன்னாலும் அது நிக்குது."

தங்கியிருந்த அறையில் கம்பளியைத் தரையில் விரித்து, அதன்மேல் முட்டி போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கம்பளிமேல் வரும், ஐஸ்மேல் வராது. அந்த நேரத்தில்தான் என் மனைவியிடமிருந்து போன் வந்தது.

"ஏங்க, புள்ள விழாம ஆடுதா?"

"விழலம்மா."

"கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டிட்டு வந்திருக்கேன். எங்கயும் கீழ விழாம புள்ள திரும்பி வரணும்னு சீட்டுல எழுதிக் கட்டுனேன். சாமி கேட்டுக்கிச்சு பாருங்க."

 "ஆமாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். மகள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "அம்மா பிராத கொளஞ்சியப்பர் ரொம்ப சீக்கிரமா எடுத்துக்கிட்டாருப்பா" என்று சொல்லிவிட்டு மறுபடி முட்டி போட்டாள்.

கடைசி நாள் காலையில் பெயர்களை வாசித்தார்கள். கோல்கீப்பர் இடத்துக்கு மலைநாட்டுப் பிள்ளை ஒருத்தியின் பெயர் வந்தது. என் மகள் மற்றவர்களோடு சேர்ந்து கை தட்டினாள். நான் படிக்கட்டிலிருந்து இறங்கி அவள் பக்கம் போகலாமா என்று யோசித்தேன். போகவில்லை.

சாயங்காலம், எல்லாம் முடிந்த பிறகு, சும்மா ஒரு ஆட்டம் ஆடச் சொன்னார்கள். தேர்வு கிடையாது, கணக்கு கிடையாது. மகள் கோலில் நின்றாள். தரையோடு ஒரு வட்டு வந்தது. அவள் முட்டி போட்டாள். முட்டி போட்டுச் சறுக்கிப் போய் அடைத்தாள். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். கோல் விழவே இல்லை என்று சொல்ல மாட்டேன், விழுந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் அவள் கீழே போனாள். கோச் சறுக்கிக்கொண்டு வந்து, மட்டையால் அவள் ஹெல்மெட்டைத் தட்டி ஏதோ சொன்னார். "அடுத்த வருஷம் அவசியம் வரச் சொல்றாரு" என்றார்கள் மேடம்.

திரும்பி வருகிற ரயிலில் அவள் பேசிக்கொண்டே வந்தாள். எனக்குப் புரியாததையெல்லாம் விரலால் சீட்டுமேல் வரைந்து காட்டினாள். ஒரு வருஷம் இருக்கிறதே என்று நானும் தைரியமாக இருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் தளத்துக்கு வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஐஸில் எப்படி ஆடினீர்கள் அக்கா என்று சுற்றி நின்று கேட்டீர்கள். அவள் சக்கர ஷூவை மாட்டிக்கொண்டு கோலில் போய் நின்றாள். காட்டுவதற்காக அவள் விழவில்லை. இதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். தரையோடு ஒரு வட்டு வந்தது, அவள் யோசிப்பதற்கு முன்னால் முட்டி போய்விட்டது. ஐஸ் வழுக்கிவிடும், சிமெண்டு விடவில்லை. முட்டி அங்கேயே நிற்க, உடம்பு திரும்பிவிட்டது. நீங்கள் கை தட்டினீர்கள். அவளும் எழுந்து கை காட்டினாள். வட்டை அடித்த பிள்ளை மேல் எந்தத் தப்பும் இல்லை. அந்தப் பிள்ளை இதைப் படித்தால் வருத்தப்பட வேண்டாம்.

சைக்கிள் கேரியரில் அவள் ஒரு காலை நீட்டியபடியே உட்கார்ந்து வந்தாள். காலையில் பார்த்தால் முட்டி வீங்கி, காலை மடக்கவே முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். முட்டிக்குள் எலும்பையும் எலும்பையும் கட்டியிருக்கிற நார் அறுந்துபோயிருந்தது.

"ஆபரேஷன் பண்ணா நல்லா நடக்கலாம், படி ஏறலாம், பஸ் ஏறலாம்" என்றார் டாக்டர். "இந்த ஆட்டம் வேணாம்."

"நின்னுக்கிட்டே ஆடுனா, சார்?"

"நின்னுக்கிட்டேதான் ஆடுவேன்னு உன்னால சொல்ல முடியுமா?"

 வெளியே வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கும்போது, "அவர் கேட்டது சரிதான்ப்பா" என்றாள்.

ஆபரேஷன் முடிந்தது. இப்போது கல்லூரிக்குப் போகிறாள். அடுத்த வருஷத்துக் குளிர்காலம் நெருங்கியபோது கோச் விசாரித்தாராம், அந்த நின்று ஆடுகிற பெண் வருகிறாளா என்று. மாஸ்டர் எனக்குப் போன் செய்தார். மகள் பக்கத்திலேயே இருந்தாள். "வரலன்னு சொல்லிடுப்பா. காரணம்லாம் வாணாம்" என்றாள். அப்படியே சொன்னேன்.  "சரிண்ணே, வெச்சிடறேன்" என்றார் மாஸ்டர்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போக உங்கள் தளத்தைத் தாண்டித்தான் நேர்வழி. அவள் சுற்றிக்கொண்டு வேறு தெருவில் போகிறாள். போன வாரம் சாப்பிடும்போது திடீரென்று கேட்டாள்.

"அந்தப் புள்ளைங்க யாராச்சும் நான் போன மாதிரி கீழ போய்ப் பாக்குதுங்களாப்பா?"

"ஒண்ணு ரெண்டு பண்ணுதுங்க. ஐஸ் அக்கா ஸ்டைலுன்னு சொல்லிக்கிதுங்க."

சாதத்தைப் பிசைந்தபடி இருந்தவள் நிறுத்திவிட்டாள். "சொல்லுப்பா அதுங்ககிட்ட. சிமெண்டுல வாணாம்னு" என்றாள்.

சொல்லிவிட்டேன், பிள்ளைகளே. சிமெண்டில் யாரும் முட்டி போடாதீர்கள். இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். வழியில் அக்காவைப் பார்த்தால் பேசுங்கள், சிரியுங்கள், என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். அந்த முட்டி போட்டுச் சறுக்குவதை மட்டும் காட்டச் சொல்லாதீர்கள். நீங்கள் கேட்டால் அவள் காட்டிவிடுவாள்.