முப்பத்தொன்பது சீட்டுகள்

ஜினோவியா ருஸ்நாக் மாவட்ட மன்றத்தில் முப்பத்தோர் ஆண்டுகளாகக் கூட்டக் குறிப்பு எழுதிவருகிறவள். அதற்கு முன் நான்கு ஆண்டுகள் ஊர் அலுவலகத்தில் பிறப்பு, இறப்புப் பதிவு. அவள் தெரிந்தே பொய்யாக எழுதியது ஒரே ஒரு வரி. 1987 மார்ச் 9: "வர்வாரா, வயது 26, நிலவறைப் படியில் தவறி விழுந்து மரணம்." வர்வாரா அவளுடைய தங்கை. எழுதி முடிக்கும்வரை தங்கையின் கணவன் மேசைக்கு எதிரே நின்றிருந்தான்.

2019 ஜூன் 11, செவ்வாய், பிற்பகல் இரண்டு பத்து. மன்றத்தின் ஏழு சன்னல்களும் திறந்திருந்தன. நிஸ்த்ரு ஆற்றங்கரை பாப்லர் மரங்கள் கோடையில் உதிர்க்கும் பஞ்சு உள்ளே மிதந்து வந்து, விழ மனமில்லாததுபோல் அந்தரத்திலேயே நின்றது. பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்க அரசு என்ன செய்கிறது, இன்னும் என்ன செய்யலாம் என்று மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம். தலைநகர் கிஷினாவிலிருந்து கோர்நெல் என்ற இளம் அதிகாரி வந்திருந்தான். எதிரே முப்பத்தெட்டுப் பெண்கள். கடைசி வரிசையில் கைகட்டியபடி போலீஸ் சார்ஜென்ட்.

"யாராவது பேசுறீங்களா?" என்று கேட்டான் கோர்நெல்.

"தண்ணி பம்ப எப்பய்யா ரிப்பேர் பண்ணுவீங்க?" என்றாள் பெண்களில் மூத்தவளான அக்ரிபினா. சிரிப்பு எழுந்தது. சார்ஜென்ட் இருமியதும் அடங்கியது.

"சரி, எழுதியாவது குடுங்க. பேர் கட்டாயமில்ல."

குறுகலான சீட்டுகள், நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே குறை, கீழே யோசனை என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அதை யாரும் படிக்கவில்லை. தலைகள் குனிந்தன. பஞ்சு தலைமுக்காடுகளில் இறங்கியது.

சீட்டுகளைப் புரட்டிய கோர்நெல், குறிப்பெழுத அருகில் உட்கார்ந்திருந்த ஜினோவியாவைப் பார்த்து விழித்தான். "என்னக்கா இது? மேல இலியானா, தோம்னிகா. கீழ வெரோனிகா. வெறும் பேரா இருக்கு!"

"கோயில்ல பாதிரியார்கிட்ட ஜெபத்துக்குக் குடுக்குற சீட்டு இப்படித்தான் இருக்கும் தம்பி. கோட்டுக்கு மேல உசுரோட இருக்குறவங்க, கீழ செத்தவங்க. குடும்பப் பேரு எழுத மாட்டாங்க. கோடு போட்ட சீட்ட நீட்டுனா எங்க ஊருல கை தன்னால இப்படித்தான் எழுதும். நீங்க அடி உதையப் பத்திக் கேட்டீங்க, அடிபட்டவங்க பேரு வந்திருக்கு."

"அப்ப கருத்து எதுவும் வரலன்னு பதிஞ்சிடுங்க."

"பதிஞ்சா, அடிபட்டு வர்ற பொம்பளைங்களுக்குக் காப்பகம்னு சொன்னீங்களே, அது?"

"கருத்தே வராத மாவட்டத்துக்குக் கிடைக்காதுக்கா. விதி."

ஜினோவியா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். "எனக்கும் ஒரு விதி இருக்கு. எழுத்துல வந்தத வந்தபடியே படிச்சுப் பதியணும். திருத்த எனக்கு அதிகாரமில்ல."

முதல் சீட்டை எடுத்தாள். "இலியானா. தோம்னிகா. இறந்தவர், வெரோனிகா."

"ஆண்டவரே இரங்கும்," என்றது முன்வரிசையில் ஒரு குரல், பழக்கத்தில். அடுத்த பெயருக்கு நான்கைந்து குரல்கள். பிறகு எல்லாரும். யாரும் குரலை உயர்த்தவில்லை. கரையை ஆற்றுநீர் தொட்டுத் தொட்டு விலகுவது போலிருந்தது. பெயர்கள் ஒவ்வொன்றாகப் பஞ்சுக்குள் எழும்பிப் போயின. அவர்களெல்லாம் சுவரோரம் வந்து நிற்கிறார்கள், மாவு படிந்த கையோடு, ஈரக் கூந்தலோடு, என்று ஜினோவியாவுக்குத் தோன்றியது. பதினேழாவது சீட்டில் சார்ஜென்ட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

முப்பத்தெட்டும் முடியும்போது மணி மூன்று இருபது. ஜினோவியா மிச்சமிருந்த வெற்றுச் சீட்டுகளில் ஒன்றை உருவினாள். கோட்டுக்குக் கீழே தங்கையின் பெயரை எழுதினாள். அருகே, மற்றவர்கள் எழுதாத ஒன்றையும்: "விழவில்லை. 1987இல் நான் எழுதியது பொய்."

அதையும் உரக்கப் படித்தாள்.

"ஆண்டவரே இரங்கும்," என்றாள் அக்ரிபினா. "இதச் சொல்ல முப்பத்திரண்டு வருசமாச்சாடி உனக்கு?"

கோர்நெல் குறிப்பேட்டைத் தன் பக்கம் இழுத்தான். "வந்த கருத்துகள்" என்ற இடத்துக்கு எதிரே அவள் 39 என்று எழுதியிருந்தாள். பேனாவை எடுத்துக் கீழே கையெழுத்துப் போட்டான். மை காயுமுன் அதில் ஒரு பஞ்சு வந்து ஒட்டியது. ஜினோவியா அதை எடுக்கவில்லை.