முப்பது நாள் லீவில் ஒரு மலை

என் வீட்டுக்காரர் சவூதியிலிருந்து லீவில் வந்தால் முப்பது நாள் இருப்பார். கல்யாணத்துக்கு வந்த லீவையும் சேர்த்து இது மூன்றாவது. நாலு வருஷக் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் இரண்டு பேர் மட்டுமாக ஒரு நாள்கூட எங்கேயும் போனதில்லை. இந்தத் தடவை நாலு நாள் கேரளத்து வாகமன் மலைக்குப் போயே தீருவது என்று அவர் விமானம் ஏறும் முன்பே முடிவு கட்டியிருந்தேன். போனிலேயே அறை பார்த்தேன். தென்காசி பஜாரில் யாருக்கும் தெரியாமல் இரண்டு ஸ்வெட்டர் வாங்கி பீரோவின் அடித்தட்டில் ஒளித்து வைத்தேன்.

இடைஞ்சல் ஒன்றுதான். அதே லீவில் அவர் தங்கைக்கு நிக்காஹ். வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற வீட்டில் கல்யாணம் வேறு எப்போது நடக்கும்? காலண்டரை மடியில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். ஒன்பதாம் நாள் நிக்காஹ். அப்புறம் மறுவீடு, விருந்து எல்லாம் ஒரு வாரம். பதினேழாம் நாள் காலையில் நாங்கள் கிளம்பலாம். மகள் நிக்காஹை ஒன்பதாம் நாள் வைக்க மாமியும் சம்மதித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவர் வந்து இறங்கிய மறுநாள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்தது. மாப்பிள்ளையின் அண்ணன் குவைத்தில் இருக்கிறாராம், அவருக்கு இப்போது லீவு கிடைக்கவில்லையாம். நிக்காஹ் இருபத்து நாலாம் நாளுக்குத் தள்ளிப்போனது. அன்று அடுக்களையில் பாத்திரங்கள் என் கையில் பட்ட பாடு அவற்றுக்குத்தான் தெரியும்.

சரி, கல்யாணத்துக்கு முன்னாலேயே போய்விடலாம் என்று அறைக்காரருக்குத் தேதி மாற்றிச் சொன்னேன். அங்கேதான் நான் ஏமாந்தேன். எங்கள் பக்கத்தில் பத்திரிகையைப் போனில் அனுப்பினால் அது அழைப்பு ஆகாது. வாப்பா இல்லாத வீட்டில் மூத்த மகனும் அவன் பெண்டாட்டியும் ஜோடியாகப் போய், உட்கார்ந்து, கொடுத்ததைக் குடித்து, வாயால் அழைக்க வேண்டும். அவர் மட்டும் போனால், “பொண்டாட்டி எங்க வீட்டுப் படி ஏற மாட்டாளாமா?” என்று பேச்சு வந்துவிடும். மாமி பட்டியலை நீட்டினார். பள்ளிக்கூட நோட்டில் நாலு பக்கம்.

பைக்கில் கிளம்பினோம். ஒரு நாள் ஆலங்குளம், ஒரு நாள் கடையம், ஒரு நாள் இலஞ்சி. ஒரு வீட்டில் கலர் சோடா, அடுத்த வீட்டில் டீ, அதற்கடுத்த வீட்டில் மறுபடி கலர். எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி.

“என்னட்டி, ஏதும் விசேஷம் உண்டா?”

“ஆளு ஊர்ல இருந்தாத்தானே சாச்சி விசேஷம்!” என்று கடையத்தில் அவருடைய சின்னம்மா வீட்டில் சொல்லிவிட்டேன். சாச்சி டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டுக்காரர் என்னை அவசரமாக வெளியே கூட்டிவந்தார்.

போகிற வழியெல்லாம் மலை பக்கத்திலேயே வந்தது. உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தது. எனக்குப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருந்தது.

“மலை எங்கயும் ஓடிறாதுட்டி” என்றார் அவர்.

“மலை ஓடாது. நீங்க ஓடிருவியளே!”

அவர் பைக்கைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டினார்.

அழைப்பு முடிவதாக இல்லை. மூன்றாவது தடவை தேதி மாற்றியபோது அறைக்காரர், “சேச்சி, வருமோ இல்லையோ?” என்று கேட்டுவிட்டார். கல்யாணம் முடிந்து கட்டாயம் வருவோம் என்றேன். மறுவீடு போக இரண்டு நாளாவது மிஞ்சும். நாலு நாள் இரண்டாகச் சுருங்கினாலும் போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாமி ஏதோ புடவையைத் தேடி பீரோவைக் குடைந்தார். ஸ்வெட்டர்கள் வெளியே வந்தன.

“தென்காசியில யாருட்டி ஸ்வெட்டர் போடுதா?”

கூடம் நிறைய சொந்தக்காரர்கள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. “கல்யாணம் முடிஞ்சதும் மலைக்குப் போலாம்னு நினைச்சேன் மாமி” என்றேன். நாங்கள் இரண்டு பேர் மட்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. அத்தனை பேர் முன்னால் எந்த மருமகள் சொல்லுவாள்?

“அதுக்கென்ன, நல்ல சாரல் அடிக்கி. பொண்ணு மாப்பிள்ளையவும் கூட்டிக்கிட்டு எல்லாருமா குத்தாலம் போவோம்” என்றார் மாமி. அரை மணி நேரத்தில் இரண்டு வேன் பேசியாகிவிட்டது. பிரியாணிக்குப் பெரிய சட்டி, தேய்க்க எண்ணெய், உட்கார ஜமுக்காளம் என்று ஆளாளுக்குப் பொறுப்பும் பிரித்தாயிற்று. நான் மாடிக்குப் போய் அறைக்காரருக்கு வரவில்லை என்று சொன்னேன். பிறகு கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளுக்கு நடுவில் நின்று அழுதேன்.

இருபத்தெட்டாம் நாள் குற்றாலம். அருவியில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம், நடுவில் கம்பித் தடுப்பு. இது எனக்குத் தெரியாதா? சின்ன வயதிலிருந்து குளித்த அருவிதான். ஆனால் அன்றைக்குத்தான் அந்தத் தடுப்பைப் பார்த்துக் கோபம் வந்தது. பெண்கள் எல்லாரும் உடுத்திய துணியோடு கூச்சலிட்டபடி தண்ணீருக்குள் போய்விட்டார்கள். நான் போகவில்லை. கம்பி ஓரமாக நின்று அந்தப் பக்கம் அவரைத் தேடினேன். விழுகிற தண்ணீருக்கு அடியில் நூறு தலைகள் குனிந்திருந்தன. நனைந்துவிட்டால் எல்லா முதுகும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. என் புருஷன் எது என்று எனக்குத் தெரியவில்லை.

“குளிக்கலையாட்டி?” மாமி ஈரம் சொட்டச் சொட்டப் பக்கத்தில் நின்றார்.

“குளிக்கேன் மாமி.”

மாமி நான் பார்த்த திசையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். முந்தானையைப் பிழிந்துகொண்டே போய்விட்டார்.

வேனில் திரும்பும்போது ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். இறங்கும்போது அவர் என் காதருகில், “அங்கன நின்னு உன்னைத் தேடிக்கிட்டே இருந்தேன், எந்தத் தலைன்னு தெரியலட்டி” என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

முப்பதாம் நாள் அவருக்குத் திருவனந்தபுரத்தில் மத்தியானம் விமானம். வழியனுப்ப வீடே வேனில் போவது எங்கள் வழக்கம். ஒருத்தரை விட்டுவிட்டுப் போனாலும் மனஸ்தாபம் வரும். அன்று காலையில் வாசலுக்கு வந்ததோ ஒரு சின்னக் கார்.

“எல்லாருமா போய் அங்கன நின்னு அழுததுதான் மிச்சம். அவ மட்டும் போய் விட்டுட்டு வரட்டும்” என்றார் மாமி. யாரோ முணுமுணுத்தார்கள். மாமி அந்தப் பக்கமே திரும்பவில்லை. கார் கதவைச் சாத்துவதற்கு முன் பீரோவிலிருந்த இரண்டு ஸ்வெட்டரையும் என் மடியில் வைத்தார்.

“மேல போகப் போகக் குளிரும்.”

செங்கோட்டை தாண்டி மலை ஏறினோம். ஆரியங்காவு பக்கம் சாரல் விழுந்தது. அவர் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டார், நானும் போட்டுக்கொண்டேன். ஒரு கடையில் நிறுத்தி டீ குடித்தோம்.

“இதானாட்டி நீ சொன்ன மலை?”

“இல்ல. அது இன்னும் ரொம்ப தூரம்.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் மரங்களைப் பார்த்தேன். பேசுவதற்காக ஒரு மாதம் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. புனலூர் வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

விமான நிலையத்தில் ஸ்வெட்டரைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். “அங்கன இதுக்கு வேலை இல்ல” என்றார். கண்ணாடிக் கதவு வரை நடந்து ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

திரும்பும்போது மலையில் நல்ல வெயில். டிரைவர் கண்ணாடியை இறக்கிவிட்டார். நான் என் ஸ்வெட்டருக்கு மேலேயே அவருடையதையும் போட்டுக்கொண்டேன்.