கிடங்குத் துரை வீட்டு அலமாரி

முதல் நாள்

ஏலம் கூறப் போன முதல் நாளே செத்துப்போன ஒருவனின் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். பழவேற்காட்டுக் கோட்டை ஒல்லாந்தர் கையில் இருந்த காலம். அவர்களுடைய உத்தியோகஸ்தன் ஒருவன் காய்ச்சலிலோ கழிச்சலிலோ செத்துப்போனால், உடனே அவன் வீட்டுக் கதவில் அரக்கு முத்திரை விழும். பிறகு உள்ளே இருப்பதையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதுவார்கள். அந்தப் பட்டியலுக்கு ஜாபிதா என்று பெயர். எழுதி முடிந்ததும் சாமான்களை வாசலில் அடுக்கி ஏலம் விடுவோம்.

என் குடும்பம் ஏரிக்கு மேற்கே நெல் பயிரிடும் குடும்பம். வயலில் குருவி விரட்டிய தொண்டை எனக்கு. அதைக் கேட்டுத்தான் துப்பாசி என்னைச் சேர்த்துக்கொண்டார். துரைமார் பேச்சை நமக்கும் நம் பேச்சைத் துரைமாருக்கும் மாற்றிச் சொல்கிறவர் அவர். முதல் நாளே சொல்லிவிட்டார்:

"பொருளு இன்னான்னு சொல்லு. பழுது இன்னான்னு சொல்லு. மூணு தரம் கூவு. அதுக்கு மேல உன் வாயில இருந்து ஒரு வார்த்த வரக்கூடாது. புரிஞ்சுதா?"

புரிந்தது. பதினெட்டு வருடம் அப்படியே செய்தேன். இப்போது கோட்டை இங்கிலீஷ்காரரிடம் போய்விட்டது. ஏலம் மட்டும் நிற்கவில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறவர்கள் தொழிலைப் பற்றிக் கேட்கிறார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். அதோடு நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன்.

பழைய சாமான் பார்க்கும் விதம்

நாற்காலி வந்தால் முதலில் கவிழ்த்துப் பாருங்கள். மேல்பக்கம் மெழுகு தேய்த்து யாரையும் ஏமாற்றலாம். கரையான் அடியில்தான் இருக்கும். பீங்கான் தட்டை விரலால் சுண்டுங்கள். விரிசல் விட்டது அடைத்த குரலில் பேசும். முகம் பார்க்கும் கண்ணாடியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள், உப்புக்காற்று அங்கேதான் முதலில் தின்னும். படுக்கை, தலையணை மட்டும் எவ்வளவு மலிவாகப் போனாலும் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ஏலம் கூறுகிறவன் தானே விலை கேட்கக்கூடாது என்பது கட்டளை. நான் அதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். என் மச்சினன் கூட்டத்தில் நிற்பான். நான் காதைச் சொறிந்தால் அவன் கேட்பான். அப்படித்தான் என் வீடு நிறைந்தது.

சாமான் சேர்ப்பது நான், அடுக்குவது என் மனைவி அஞ்சலை. அவளுக்கு அதில் தனிக் கண் உண்டு. நீலப் பூப் போட்ட பீங்கான் தட்டுகளில் சோறு போடமாட்டாள். சுவரில் ஆணி அடித்து வரிசையாக மாட்டினாள். முதுகு உடைந்த நாற்காலியில் பித்தளைக் குடத்தை உட்காரவைத்தாள். கப்பல்காரனின் மரப்பெட்டி, வந்தவர்கள் உட்காரும் பலகையாயிற்று. ஒரு படம் இருந்தது. அதில் ஓர் ஆறு, ஆற்றின் மேலே ஆட்கள் நடக்கிறார்கள். தண்ணீர் மேல் எப்படி நடப்பார்கள் என்று பார்க்கிறவர்களெல்லாம் கேட்டார்கள். துப்பாசிக்கும் தெரியவில்லை. அஞ்சலை அதை வாசலுக்கு நேராக மாட்டி, அதன் இரண்டு பக்கமும் ஒன்றும் வைக்காமல் விட்டாள்.

"ஒரு சாமானுக்குப் பக்கத்துல கொஞ்சம் வெறுஞ்சுவரு இருக்கணும். அப்பதான் அது கண்ணுக்குத் தெரியும்" என்பாள்.

எங்கள் வீட்டைப் பார்ப்பதற்கென்றே சொந்தக்காரர்கள் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். எனக்கும் பெருமைதான். ஒன்று மட்டும் குறை என்று அஞ்சலை சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"கெடங்குத் துர வூட்டுல கீதே, அந்த மாதிரி ஒரு அலமாரி."

கிடங்குத் துரை

மருந்துக் கிடங்கைக் காவல் காத்த துரை அவர். பீரங்கிக்குப் போடும் மருந்து. பெரிய உத்தியோகம் இல்லை. அந்தக் கருங்காலி அலமாரியும் ஏலத்தில் வந்ததுதான், நான்தான் கூறினேன். நாலு ஆள் தூக்கிப் போனபோது துரை என் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த அரைத் தமிழில் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"என் வூட்டுக்காரிக்கு. அவ ரொம்ப ஆச பட்டா."

அவர் வூட்டுக்காரி என்று சொன்னது கன்னியம்மாவை. ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் குடும்பத்துப் பெண். ஏழு வருடமாக அவர்கள் ஒரே வீட்டில் இருந்தார்கள். சின்னி என்று ஒரு பெண் குழந்தை. குழந்தைக்குத் துரை தன் கோயிலில் ஞானஸ்நானம் செய்வித்திருந்தார். கன்னியம்மா அந்த மதத்தில் சேரவில்லை. அதனால் அவர்களுக்குக் கோயிலில் கல்யாணம் நடக்கவில்லை, எந்தப் புத்தகத்திலும் அவள் பெயர் ஏறவில்லை.

ஐப்பசி மழையில் துரைக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் இறந்துபோனார்.

ஜாபிதா எழுதிய நாள்

கோட்டை அலுவலகத்தைக் கச்சேரி என்போம், அதன் துரை மேசை போட்டு உட்கார்ந்து எழுதினார். நான் ஒவ்வொரு பொருளாகப் பார்த்துச் சொன்னேன், துப்பாசி மாற்றிச் சொன்னார். கன்னியம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள். அலமாரிக்கு வந்ததும் ஓடிவந்து அதன் முன்னால் நின்றுகொண்டாள்.

"அண்ணா, இது என்னுது. எனக்குன்னு வாங்குனாரு. நீதான கூவி வித்த? அன்னிக்கு உன்னாண்ட இன்னா சொன்னாருன்னு நெனப்பு கீதா?"

அவள் அலமாரியின் பக்கவாட்டுப் பலகையைக் காட்டினாள். அதில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக நாலு வெட்டு இருந்தது.

"இத பாரு. சின்னிய இங்க நிக்கவெச்சு, வருசத்துக்கு ஒண்ணு அவரே கத்தியால கீறுனாரு. வேற யாரு வூட்டு சாமான்ல இப்டி கீறுவாங்க?"

கச்சேரித் துரை துப்பாசியிடம் ஏதோ கேட்டார். துப்பாசி என்னைப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணு சொல்றது மெய்யா? அந்த ஆளு இவள பொஞ்சாதின்னு உன்னாண்ட சொன்னானா? யோசிச்சு சொல்லு. கொழந்த சமாச்சாரமும் இதுல கீது."

குழந்தை சமாச்சாரம் எனக்குத் தெரியும். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைக்குத் தகப்பன் செத்துப்போனால், தெற்கே அனாதைப் பிள்ளைகள் வளரும் வீட்டுக்குக் கப்பலில் அனுப்பிவிடுவார்கள். அவளைப் பெண்டாட்டியாகத்தான் வைத்திருந்தான் என்று ஒருவன் சாட்சி சொன்னால், தாயின் பேச்சையும் விசாரிப்பார்கள். துரை சொன்னதைக் கேட்டவன் நான் ஒருவன்தான்.

கன்னியம்மா என் முகத்தையே பார்த்தாள். "அந்த ஒரு வார்த்த போதும்ணா. சின்னிய இட்டுனு போவமாட்டாங்க."

வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். துப்பாசி அன்றைக்கு நியாயமாகத்தான் கேட்டார். நான் அந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அவளுடையது என்று எழுதினால் ஏலத்துக்கு வராது. எங்கள் வீட்டில் அந்தப் படத்துக்கு எதிர்ச்சுவர் வெறுமையாக இருந்தது.

"நெனப்பு இல்லீங்க" என்றேன்.

"அந்த வெட்டு?"

"பழுதுங்க. பக்கத்துப் பலகையில நாலு வெட்டு."

கச்சேரித் துரை எழுதிக்கொண்டார்.

படகு

ஏலத்தன்று தூறல். "நாலு வெட்டு விழுந்த அலமாரி" என்று நான் கூவியதும் கூட்டத்துக்கு ஆசை குறைந்துவிட்டது. காதைச் சொறிந்தேன். அது எனக்கே வந்தது.

அதே வாரம் குழந்தையைக் கொண்டுபோனார்கள். முகத்துவாரத்தில் படகு நின்றது, கப்பல் வெளியே கடலில். சின்னிக்குப் புதுக் கவுன் போட்டிருந்தார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மாள் அவளை மடியில் வைத்திருந்தாள். கன்னியம்மா அழவில்லை. படகு நகர நகரத் தண்ணீரில் நடந்துபோனாள். மார்பளவு வந்ததும் நின்று கத்தினாள்:

"அதுக்கு எறா ஒத்துக்காது! ஒடம்பெல்லாம் தடிச்சுப்பூடும்! குடுக்காதீங்க!"

அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. கரையில் சனம் கூட்டமாக நின்று பார்த்தது. நானும் அந்தக் கரையில்தான் நின்றிருந்தேன். படகுக்காரனிடம் ஒரு குரல் கொடுத்து, அதை யாரிடமாவது சொல்லச் சொல்லியிருக்கலாம். அதைக்கூட நான் செய்யவில்லை.

இழைத்த பலகை

அலமாரி வந்ததில் அஞ்சலைக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். யார் வீட்டிலிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். ஜாபிதா எழுதியபோது நடந்ததை நான் சொல்லவில்லை. தை மாதம் அறுவடைக்கு நான் ஊருக்குப் போய்விட்டு நாலு நாள் கழித்துத் திரும்பினேன். அலமாரி கண்ணாடிபோல மின்னியது. ஆசாரியை வரவழைத்து, இழைப்புளி போட்டு இழைத்து, மெழுகு தேய்க்கச் செய்திருந்தாள். வெட்டுகள் இருந்த இடம் வழவழவென்று இருந்தது. எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

இரண்டு நாள் கழித்து வாசலில் குரல் கேட்டது. "எறா வாங்கலியாம்மா?"

கன்னியம்மா. பழைய தொழிலுக்கே திரும்பியிருந்தாள். கைவிரல் எல்லாம் சேற்றுப்புண். அஞ்சலை விலை பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் பார்வை உள்ளே போனது. பிறகு என்னைப் பார்த்தாள். முன்பு அண்ணா என்று கூப்பிட்டவள், இப்போது வேறு மாதிரி கூப்பிட்டாள்.

"ஐயா, ஒரு வாட்டி தொட்டுப் பாத்துக்கறேன்."

அஞ்சலைதான் ஒன்றும் தெரியாமல், "வா, வா, பாரு" என்றாள். கன்னியம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். நேராக அலமாரியின் பக்கவாட்டுக்குப் போய், இடுப்பு உயரத்தில் கையை வைத்து மேலும் கீழும் தடவினாள். குனிந்து பார்த்தாள். மறுபடி தடவினாள்.

"இங்க இருந்த வெட்டு எங்க போச்சும்மா?"

"அதுவா? அசிங்கமா வெட்டிக் கெடந்துச்சு. ஆசாரிய வெச்சு இழைச்சுட்டேன். இப்ப எப்டி கீது பாரு" என்றாள் அஞ்சலை.

கன்னியம்மா பலகையிலிருந்து கையை எடுத்தாள். வெறும் காற்றில் ஓர் உயரத்தில் உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடித்தாள்.

"இம்மாம் ஒசரம் இருந்தா."

கையைக் கொஞ்சம் தூக்கினாள். கொஞ்சம் இறக்கினாள்.

"இல்ல. இது இல்ல."

மறுபடி தூக்கினாள். எந்த உயரத்திலும் அவளால் கையை நிறுத்தமுடியவில்லை. பிறகு இறால் கூடையை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அன்றைக்கு அஞ்சலையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. "என்னாண்ட சொல்லியிருந்தா நான் இத கேட்டிருப்பேனா?" என்று மட்டும் கேட்டாள். அதன்பிறகு அவள் எந்தச் சுவரிலும் எதையும் மாட்டவில்லை. பீங்கான் தட்டுகளில் தூசி படிந்தது, துடைக்கவில்லை.

மறுநாள் ஆட்களை வைத்து அலமாரியைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். கன்னியம்மாவின் குடிசை வாசலில் ஆள் குனிந்துதான் நுழையமுடியும். அவள் வெளியே வந்து பார்த்தாள்.

"இதுல இன்னா கீது ஐயா? பலகதான. எடுத்துனு போ."

கச்சேரியில்

அலமாரியை ஆட்களோடு வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, அங்கிருந்து நேராகத் துப்பாசியிடம் போனேன். துரை என்னிடம் வூட்டுக்காரி என்று சொன்னதையும், நான் மறைத்ததையும், ஏன் மறைத்தேன் என்பதையும் சொன்னேன்.

"இப்ப நெனப்பு வந்துச்சா உனக்கு?"

அப்படிக் கேட்டாலும் விட்டுவிடவில்லை. கச்சேரித் துரையிடம் சொல்லிக் கடுதாசி எழுதவைத்தார். அது அடுத்த கப்பலில் போனது. என்னை வேலையை விட்டு நீக்குவார்கள் என்று எதிர்பார்த்தேன். நீக்கவில்லை. என்னைப் போலத் தொண்டை இன்னொருவனுக்கு இல்லையாம்.

பதில் வர அடுத்த மழைக்காலம் ஆயிற்று. துப்பாசி படித்துச் சொன்னார். அந்தக் குழந்தை இப்போது அங்கே இல்லை. வேறு பிள்ளைகளோடு வேறு கப்பலில் ஏற்றி அனுப்பியாகிவிட்டது. எந்த ஊருக்கு என்று அதில் எழுதியிருக்கவில்லை. மறுபடி இரண்டு முறை எழுதினோம். பதில் இல்லை.

அதைக் கன்னியம்மாவிடம் நான்தான் சொல்லவேண்டும் என்று துப்பாசி சொல்லிவிட்டார். காலையில் ஏரிக்குப் போனேன். இடுப்பளவுத் தண்ணீரில் பத்துப் பதினைந்து பெண்கள் குனிந்து சேற்றைத் தடவிக்கொண்டிருந்தார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால், பிடித்த இறாலைப் போடும் ஓலைப்பறியை அவர்கள் பல்லால் கடித்துப் பிடித்திருப்பார்கள். நான் வேட்டியோடு இறங்கி அவள் பக்கத்தில் போய் நின்று, கடுதாசியில் இருந்ததைச் சொன்னேன்.

அவள் நிமிர்ந்து முழுவதும் கேட்டாள். பறி வாயிலேயே இருந்தது. அதை எடுத்துவிட்டு என்னை நாலு வார்த்தை கேட்பாள் என்று நின்றேன். அவள் எடுக்கவில்லை. நான் சொல்லி முடித்ததும் குனிந்து, இரண்டு கையையும் மறுபடி தண்ணீருக்குள் விட்டாள்.

ஜாபிதா எழுதப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சாமானைத் தொடுவதற்கு முன்னால், அந்த வீட்டில் உயிரோடு இருப்பது யார் என்று கேளுங்கள். அவர் சொல்வது மெய் என்று உங்களுக்குத் தெரிந்தால், அந்த இடத்திலேயே, எழுதுகிறவன் பேனாவை மையில் தொடுவதற்குள் வாயைத் திறந்துவிடுங்கள். நானும் வாயைத் திறந்தேன். மூன்று மாதம் கழித்து. அதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை.